கூடப் பிறந்தது

அப்பா இறந்தபின் பாகம் பிரித்தபோது, கறவையில் இருந்த கலப்பினப் பசுவைப் பெரியமுத்து வைத்துக்கொண்டான். அதன் மூன்று மாதக் கிடேரிக் கன்றைத் தங்கை நாச்சம்மாளுக்குக் கொடுத்தான். "தாய் மாதிரியே கறக்கும் அம்மிணி. கண்ண மூடிட்டு ஓட்டிட்டுப் போ" என்றான். எலப்புள்ளியிலிருந்து அவள் வாழ்க்கைப்பட்ட மீனாட்சிபுரத்துக்கு வண்டி பிடித்து ஏற்றிவிட்டதும் அவன்தான்.

கிடேரி வாட்டசாட்டமாக வளர்ந்தது. ஆனால் இரண்டரை வயதாகியும் ஒருநாள்கூடப் பருவத்துக்கு வந்து கத்தவில்லை. நாச்சம்மாள் குடற்புழு மருந்து கொடுத்தாள். தாது உப்பைத் தவிட்டில் பிசைந்து வைத்தாள். சினை ஊசி போடுகிறவர் இரண்டு முறை வந்து சும்மா திரும்பினார்.

"உனக்கு மாடு வளர்க்கத் தெரியல" என்றான் கணவன் ஈஸ்வரன்.

போனில் அண்ணனும் அதையே சொன்னான். "தீனியக் கொறை அம்மிணி. கொழுப்பு வெச்சா பருவத்துக்கு வராது."

குறைத்தாள். வெறும் தொட்டியைக் கிடேரி நக்கியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கடைசியில் கால்நடை டாக்டர் ரோசி வந்து கையுறை மாட்டிப் பரிசோதித்தார்.

"இது ரெட்டையா பிறந்ததா? கூடப் பிறந்தது காளைக்கன்னா?"

"இல்லீங்க, ஒத்தைக் கன்னுதானுங்க."

"கர்ப்பப்பையே வளரல. தாய் வயித்துல காளைக்கன்னோட ரத்தம் கலந்தா கிடேரி இப்படி ஆயிடும். என்ன செஞ்சாலும் சினை பிடிக்காது. உங்க மேல தப்பில்ல."

அன்றைக்கே எலப்புள்ளிக்குப் பஸ் ஏறினாள். அண்ணன் பால் பீய்ச்சிக்கொண்டிருந்தான்.

"அண்ணா, அந்தக் கன்னு ரெட்டையா?"

அவன் கை நின்றது. "காளைக்கன்ன அப்பவே சந்தைக்கு அனுப்பிட்டேன். சொல்லியிருந்தா நீ பசுவத்தான கேட்டிருப்ப?"

"தீனியக் கொறைன்னு சொன்னியே. அப்பவும் தெரிஞ்சுதான் சொன்னியா?"

அவன் பால் செம்போடு எழுந்தான். "காப்பி குடிச்சுட்டுப் போ" என்றான்.

அவள் குடிக்கவில்லை. பாகத்தில் ஏமாற்றியதைக்கூடப் பொறுத்திருப்பாள். அவள் கையாலேயே அந்த வாயில்லா ஜீவனைப் பட்டினி போட வைத்தானே, அதுதான் பஸ்ஸில் வழி முழுக்க நெஞ்சை அறுத்தது. வீட்டுக்கு வந்ததும் தொட்டி நிறையத் தீனி வைத்தாள்.

பத்து நாள் கழித்துப் பெரியமுத்து வேறொரு கிடேரிக் கன்றோடு வாசலில் வந்து நின்றான். "இது ஒத்தைக் கன்னு அம்மிணி. சத்தியமா."

"டாக்டர் வந்து பாத்துச் சொல்லட்டுங்க" என்றாள் நாச்சம்மாள்.

அண்ணனிடம் அவள் அதுவரை 'ங்க' போட்டுப் பேசியதில்லை.