கோலுக்குப் பின்னால் ஒரு வலை

"பின்னாடி இருக்கறத வெட்டிடும்மா. ஆளுங்க மட்டும் தெரிஞ்சா போதும்" என்றார் கிளப் தலைவர் ஹோல்ராய்ட், அணியின் பழைய குழுப் படத்தைக் காட்டி.

அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. அதுவரை அந்தப் படத்தை நான் ஒழுங்காகப் பார்த்ததே இல்லை.

கார்ஸ்டேல் ரோவர்ஸ் கால்பந்து கிளப்புக்கு நூற்றைம்பது வயது. அதன் வரலாற்றை எழுத என்னைப் பிடித்தார்கள். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அப்பாவுக்கு பிஸ்கட் ஃபேக்டரியில் பேக்கிங் வேலை. என் பெயர் போட்டு வரும் முதல் புத்தகம் இது. அதில் பொய் இருந்தால், அந்தப் பொய்க்கும் என் பெயர்தான்.

படத்தில் பதினோரு ஆட்டக்காரர்கள். நடுவில் தொப்பியோடு மில் முதலாளி, இந்தத் தலைவரின் கொள்ளுத்தாத்தா. அந்தக் கால வழக்கப்படி காலடியில் ஒரு பந்து, அதில் வெள்ளைப் பெயின்ட்டில் ஆண்டு: 1876. கிளப்பை ஆரம்பித்தவர் அவர்தான் என்பதற்கு இருக்கிற ஒரே சாட்சி இது. மைதானத்துக்கு அவர் பெயரை வைக்கலாமா என்று சனிக்கிழமை ரசிகர்களிடம் ஓட்டு எடுக்கப்போகிறார்கள்.

முதல் கூட்டக் குறிப்பேட்டைக் கேட்டிருந்தேன். "அது அந்தக் காலத்து வெள்ளத்துல போச்சும்மா" என்றார்கள். கிளப் ஆபீஸ் அப்போது பப்பின் மாடியில் இருந்தது. வெள்ளம் படியேறிப் போய் அந்த ஒரு நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டதாம்.

படத்தைத் தூக்கிக்கொண்டு சலவை அறைக்குப் போனேன். மோரீன் முப்பது வருஷமாக ஆட்டக்காரர்களின் சட்டைகளைத் துவைக்கிறவர்.

"அக்கா, இதுல என்ன தப்பு, பாத்துச் சொல்லுங்க."

"மூஞ்சிங்கதான் தப்பு. ஒருத்தனாவது சிரிக்கிறானா பாரு." கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "ஏய், கோல்ல வலை கட்டியிருக்கு!"

"கட்டியிருந்தா?"

"என்னத்தடி படிச்சே நீ? வலை வந்ததே தொண்ணூத்தொண்ணுலதான். எங்கப்பா பப்பு க்விஸ்ல இந்தக் கேள்விக்கு ஒரு ஆட்டுத்தொடை ஜெயிச்சாரு."

1891. எனக்கு முகம் எரிந்தது. ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பந்தைப் பார்த்தேன். '18' மெலிசாக, மங்கலாக இருந்தது. '76' தடியாக, பந்தின் விளிம்பையும் தாண்டி வழிந்திருந்தது.

நேரே தலைவரிடம் போனேன்.

"சார், இந்தப் பந்துல '76'ஐ யாரோ பிற்பாடு படத்து மேலயே எழுதியிருக்காங்க."

"அந்தக் காலத்துல அப்படித்தாம்மா எழுதுவாங்க."

"இது அந்தக் காலத்துல எழுதினது இல்ல சார். கோல்ல வலை இருக்கு."

அவர் சிரித்தார். "கெட்டிக்காரப் பொண்ணு. கிளப் மியூசியத்துக்கு ஆள் எடுக்கப்போறோம், தெரியும்ல? எங்க கொள்ளுத்தாத்தா ஆரம்பிக்கலேன்னா வேற யாரு? நிரூபி, பாக்கலாம்."

என்னால் முடியாது. அதற்குத்தான் குறிப்பேடு இல்லையே. நான் வாயை மூடிக்கொண்டு வெளியே வந்ததும் வேலை ஆசையில் அடங்கிவிட்டாள் என்று நினைத்திருப்பார். அச்சுக்குப் போகும் முன் பக்கங்களைக் கேட்கக்கூட இல்லை.

படத்தை நான் வெட்டவில்லை. இரண்டு பக்கத்துக்கும் விரித்துப் போட்டேன். கீழே ஒரே வரி: 'பந்தில் உள்ள ஆண்டு 1876. பின்னால் கோல், வலையுடன்.'

சனிக்கிழமை மைதான வாசலில், ஓட்டுப்பெட்டிக்குப் பக்கத்திலேயே புத்தகங்களை அடுக்கினேன். முதலில் வாங்கியவர் கையில் கடித்த இறைச்சி பேஸ்ட்ரி. புரட்டினார். மெல்லுவது நின்றது.

"டேய் நெவில், இங்க வா! இந்தக் கோலப் பாரு!"

"வலையா? எழுபத்தாறுலயா? யார் காதுல பூ சுத்தறானுங்க?"

கூட்டம் சேர்ந்தது. மேலே ஆபீஸ் ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் ஹோல்ராய்ட் எழுந்து நின்றார். என் போன் அடித்தது. அடிக்கட்டும் என்று விட்டுவிட்டு, அடுத்தவருக்கு அந்தப் பக்கத்தைத் திறந்தே கொடுத்தேன்.