கமலாசனியின் இரண்டு கைகள்

1.
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். காலநிலை மாற்றம் பற்றிய மலர் ஒன்றுக்குக் கதை கேட்டார்கள். நானும் பெரிய கெட்டிக்காரன் போல ஓமென்றுவிட்டேன். கையில் இருந்தது ஒரே ஒரு காட்சி. உடையார்கட்டுக் குளக்கட்டில் காலநிலைக்காக ஒரு மனிதச் சங்கிலி, ஊரே கைகோத்து நிற்கிறது, நடுவில் ஒரு பெண்ணிடத்தில் மட்டும் அறுந்திருக்கிறது. ஏன் அறுந்தது என்று கண்டுபிடித்தால் கதை வந்துவிடும் என்று நினைத்தேன். தலையிடிதான் வந்தது.

2.
முதல் தொடக்கம்: பூமித்தாய் கொதித்துக்கொண்டிருந்த அந்த... (சீ. வெட்டு.)

இரண்டாவது: காலையில் வெளிக்கிடும்போது கமலாசனிக்கு எந்தக் குழப்பமும் இருக்கவில்லை. "வந்து வரிசையில நிக்கோணும்" என்று மாதர் சங்கத்தில் சொல்லியிருந்தார்கள். அது அவருக்குப் பழகிய வேலை. காணாமல் போன மகன் யதுர்ஷனுக்காக எத்தனை வருடம் படத்தை ஏந்தி வீதியோரப் போராட்டத்தில் நின்றவர். கை தன்பாட்டில் சுவரிலிருந்து மகனின் படத்தை, சட்டத்தோடு எடுத்துக்கொண்டது.

(விளங்காமல் வந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். பிந்திய மழையும் பிறகு ஒரேயடியாக வந்த வெள்ளமுமாக அவருடைய காலபோகம்* முழுக்கப் போனது. மனதார வந்தவர்.)

* மாரி மழையை நம்பிச் செய்யும் வெள்ளாமை. 'நம்பி' என்பதை வெட்டலாமா என்று யோசிக்கிறேன்.

3.
சங்கிலியை ஒழுங்குபடுத்திய தேனுகா, பல்கலைக்கழகத்துப் பிள்ளை, ஓடி வந்தாள்.

"அம்மா, ரெண்டு கையும் கோக்கோணும். படத்தைக் கீழ வையுங்கோ."

"கீழயோ?"

தான் சொன்னது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. "இல்லையம்மா, என்னட்டத் தாங்கோ. நான் வச்சிருக்கிறன்."

"உங்கட அலுவல் சரிதான் பிள்ளை. என்ர வயலும் போனதுதான். ஆனா வெளியில கொண்டுவந்தா இவனை நான் ஒருத்தரிட்டயும் குடுக்கிறேல்லை."

பக்கத்து வயல்காரர் தவராசா, நீட்டிய கையை மடக்குவதா விடுவதா என்று தெரியாமல் வலப்பக்கத்தில் நின்றார்.

4.
இங்கே ஒரு கெட்டித்தனம் செய்தேன். வீட்டுக்குள் புகுந்த வெள்ளம் படத்தில் மகனின் முகத்தை அழித்துவிட்டது என்று எழுதினேன். வெள்ளமும் பிள்ளையும் ஒரே சட்டத்துக்குள். மலர்க்குழு சந்தோசப்படும்.

கமலாசனி என் பக்கம் திரும்பினார். "தம்பி, வெள்ளம் வரேக்க நான் முதல்ல தூக்கினது இதைத்தான். படம் நல்லாத்தான் இருக்கு. உங்கட கதைக்காக அவன்ர முகத்தை அழிக்காதேங்கோ."

வெட்கமாகப் போய்விட்டது. அழித்ததை அழித்தேன்.

5.
முடிவுகள்:

அ) அவர் படத்தைப் பைக்குள்... (சட்டம் பைக்குள் அடங்காது.)

ஆ) தவராசா ஒரு மூலையையும் தேனுகா மறுமூலையையும் பிடிக்க, சங்கிலி மகன் வழியாக... (அழகுதான். கொடுக்கமாட்டார், இப்போதுதானே சொன்னார்.)

இ) வீட்டுக்குப் போய்விடுகிறார். (அப்படியென்றால் வயல்?)

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. எல்லாரும் அப்படியே நிற்கிறார்கள். மழையில்லாத மாதத்தில் மேற்கே கறுத்துக்கொண்டு வருகிறது. கமலாசனி ஒரு கையை எடுத்துப் பார்க்கிறார். சட்டம் பாரம், சரிகிறது. திரும்பவும் இரண்டு கையாலும் பிடிக்கிறார். அவருக்கு இடப்பக்கம் காலியாக இருக்கிறது. அதில் உங்களைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன், மன்னியுங்கள்.

"பிள்ளை, இதை வச்சிட்டு உங்கட கையைப் பிடிச்சா, அவனை நான் விட்டதாப் போகுமோ?"

உங்களைத்தான் கேட்கிறார். நான் சும்மா எழுதுகிறவன்.