கஞ்சாவுக்கு ஒருதரம், ரெண்டுதரம்

“இந்த ஊர்க் கஞ்சாக் கொம்பனிக்கு வரி போட்டது நான்தான்,” என்றார் திருச்செல்வம், ஜேர்மனியில் அந்தச் சின்ன ஊரின் நகரசபை நீச்சல்குளத்தில் கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு.

யாகோப்புக்குச் சிரிப்பில் புரையேறியது. அவருடைய நோகும் முழங்கால் நம்பியிருந்ததே இந்தக் குளத்தைத்தான். காசில்லாத நகரசபை தொழில் வரியைக் கூட்டாவிட்டால் குளத்துக்குப் பூட்டு. கூட்டினால் ஊரைவிட்டே போய்விடுவோம் என்று, மருந்துக்குக் கஞ்சா வளர்க்கும் அந்தக் கொம்பனி மிரட்டியிருந்தது. ஆனால் நேற்று வரி கூடியது, கொம்பனியும் போகவில்லை. எப்படி என்பதுதான் ஒருவருக்கும் விளங்கவில்லை.

“சபையில பொதுமக்கள் கேள்வி நேரம். எழும்பி, கோயில் மாம்பழ ஏலம் மாதிரி வரி வீதத்தைக் கூவினன். கூட்டக் கூட்ட, ‘இதுக்கும் இருப்பியளோ?’ எண்டு அங்க இருந்த கொம்பனி முதலாளியைக் கேட்டன். ஓமெண்டு தலையாட்டித் தலையாட்டி மனிசனுக்குக் கழுத்துச் சுளுக்கிப்போட்டுது. அவர் நிப்பாட்டின இடத்தில ஒருதரம், ரெண்டுதரம், மூண்டுதரம். முழுச் சபையும் அதுக்கே கை தூக்கிச்சுது.”

“அண்ணை, புளுகுக்கும் ஒரு கரை வேணும்,” என்றார் யாகோப்பு.

அப்போது மேயர் அம்மையார் குளியல் தொப்பியோடு ஏணியில் இறங்கினார். திருச்செல்வத்தைக் கண்டதும் விரலை உயர்த்தி, அந்த ஜேர்மன் நாக்கால் அழகாகத் தமிழில், “ஒருதரம், ரெண்டுதரம்,” என்றார்.

யாகோப்பு ஒரு மிடறு குளத்துத் தண்ணீரை விழுங்கினார். வாயை மூட மறந்து இன்னொரு மிடறும் விழுங்கினார்.

“ஓம் அண்ணை,” என்றார் கடைசியில், “நடந்துதான் இருக்கு.”