அங்கிள் பேரு என்ன?

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். லிட்டில் இந்தியாவில், எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத் திறந்தவெளியான வாய்ட் டெக்கில், முதியோருக்கான இலவச ஞாபகப் பரிசோதனையில். இலவசம் என்றால் என் கால் தானாக நடக்கும். மனைவி அந்தோனியம்மாளையும் இழுத்துக்கொண்டு போனேன். இரண்டு முறை அடுப்பை அணைக்க மறந்தவள் அவள். நான் எழுத்தாளன், அவளைக் கூட்டிப்போகும் தெளிவான ஆள்.

(முதல் வரி முன்பு இப்படி இருந்தது: ‘மறதி ஒரு மூடுபனி போல...’ சிங்கப்பூரில் ஏது மூடுபனி? அடித்துவிட்டேன்.)

2

சாயிரா பானு என்ற தொண்டூழியர் மூன்று சொற்களைச் சொல்லி, ஐந்து நிமிடம் கழித்துத் திருப்பிக் கேட்டாள். அந்தோனியம்மாள் மூன்றையும் சொன்னாள். அதில் ஒன்றான வாழைப்பழம் எந்த வகை என்று விளக்கமும் கேட்டாள். நான் இரண்டு சொன்னேன்.

4

(மூன்று எங்கே என்று கேட்காதீர்கள். என் மூன்றாவது சொல்லும் அங்கேதான் இருக்கிறது.)

அடுத்த கேள்வி அந்தோனியம்மாளுக்கு.

“ஆன்ட்டி, அங்கிள் பேரு என்ன?”

ஐம்பத்தொரு வருடமாக நான் அவளுக்கு ‘என்னங்க’. மகள் பிறந்த பிறகு ‘டானியலா அப்பா’. பெயரைச் சொன்னால் புருஷன் ஆயுள் குறையும் என்று அவள் அம்மா சொல்லிவைத்ததை ஞானஸ்நானத் தண்ணீர்கூடக் கழுவவில்லை.

“பக்கத்துலதான உட்கார்ந்திருக்காரு, அவர்கிட்டயே கேளு லா.”

“நீங்கதான் சொல்லணும் ஆன்ட்டி.”

“அதான் அன்னைக்கே கோயில்ல சொல்லிட்டேன்ல. எத்தனை வாட்டி சொல்றது?”

சாயிரா பானு என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். அந்தோனியம்மாளின் தாளில் அந்தக் கேள்விக்கான கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டாள்.

5

முடிவு அ: என் பெயர் அவளுக்குத் தெரியும், வழக்கம்தான் வாயைக் கட்டுகிறது. சிரித்துவிட்டு எழுந்து போகலாம்.

முடிவு ஆ: பெயர் போய்விட்டது. கெட்டிக்காரி, வழக்கத்தைச் சாக்காக வைத்து மறைக்கிறாள். அப்படியானால் தினமும் காலையில் என்னை யாரென்று நினைத்துக் காப்பி கொடுக்கிறாள்—

வீட்டில் வைத்துக் கேட்டுவிடலாமே என்பீர்கள். மூன்று வாரமாகக் கேட்கவில்லை. பயமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

6

கோயிலில் சொல்லிட்டேன் என்று அவள் சொன்னது சரிதான். சர்ச்சில் நடக்கும் கல்யாணப் பூசையில் பங்குச் சாமியார் சொல்லச் சொல்ல, மாப்பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் பெண் வாக்குக் கொடுக்க வேண்டும். ஆக, ஒரே ஒரு முறை என் பெயர் அவள் வாயில் வந்திருக்கிறது. பக்கத்தில் நின்றவன் நான். அந்தக் குரலை நினைவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறேன். புதுச் செருப்பு கடித்தது ஞாபகமிருக்கிறது. விருந்தில் பிரியாணி பத்துமா என்று கவலைப்பட்டது ஞாபகமிருக்கிறது. அவள் சொன்னது மட்டும் காதில் இல்லை.

வாசகரே, அந்தக் கட்டத்தில் நீங்களே குறி போட்டுவிடுங்கள். அவள் தாளிலா, என் தாளிலா என்பதையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.