ஆறு அங்குலத்தில் கவிமணி

ஒரு சமுதாயத்தின் மனச்சாட்சி அதன் கவிஞனின் பக்கங்களில்தான் விழித்திருக்கிறது. கல்முனையில் எந்த மேடை கிடைத்தாலும் கவிமணி பளீல் இதைச் சொல்லிவிடுவார். அந்த மனச்சாட்சி நஸீரின் ஆறு அங்குல மின்வாசிப்பானில் எறும்பு ஊர்கிற மாதிரித் தெரிந்தது.

நஸீர் வாசகர் வட்டத்தின் தலைவர். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ஒரேயொரு புத்தகத்தைப் பற்றித்தான் பேசுவார். அதுவும் அந்தக் கருவியில் வாசித்ததாக இருக்க வேண்டும். மருதமுனை சுஹறாவின் சிறுகதைகள் ஏற்கெனவே அதில் ஏறிவிட்டன. வாசித்து வாசித்து நஸீர் தனியே சிரித்தார். ஒவ்வொரு சிரிப்பையும் பளீல் எண்ணிக்கொண்டிருந்தார். அவருடைய கவிதைகளுக்கு அழ வேண்டிய இடத்தில்தான் ஆட்கள் சிரித்திருந்தார்கள்.

“என்ட பிடிஎஃப்ப ஏன் தலைவர் வாசிக்கல்ல?”

“கண் வலிக்கி கவிமணி. பெருப்பிச்சா பாதிக் கவிதை வெளிய போகுது. சுஹறாட புத்தகம் சோக்கா நிக்கிது.”

பளீல் அந்த பிடிஎஃப் கோப்பை, எழுத்தைப் பெருப்பிக்கக்கூடிய மின்னூலாக மாற்றி, வென்ற முகத்தோடு கொண்டுபோய்க் கொடுத்தார். எழுத்துப் பெரிதாகத்தான் வந்தது. ஆனால் அச்சகத்தில், ஆங்கில எழுத்தையே தமிழாகக் காட்டும் பழைய பாமினி எழுத்துருவில் தட்டிய கவிதைகள், மாற்றியதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறிக் கிடந்தன.

“நீங்க இங்கிலீசிலயும் எழுதுற எண்டு தெரியாமப் போச்சே!” என்றார் நஸீர்.

பக்கத்தில் இருந்த சுஹறா, மூத்த அண்ணனுக்குச் சொல்வதுபோலக் கனிவாகச் சொன்னார்: “மாத்தாதீங்க பளீல் காக்கா. சுத்திவர ஓரத்த மட்டும் வெட்டுங்க. நானும் அப்பிடித்தான் செஞ்ச.”

அந்தக் கனிவைத்தான் பொறுக்க முடியவில்லை. “எனக்கும் தெரியும்,” என்றார் பளீல். தெரியாது. வீட்டுக்கு வந்து மடிக்கணினியை மனைவி மர்ஷூதாவிடம் நீட்டினார்.

“இஞ்ச பாருங்க, பக்கத்தச் சுத்திப் பூக்கொடி. இத வெட்டணும்,” என்றார் மர்ஷூதா.

“வெட்டு.”

“கவிதைக்குப் பின்னால மங்கலா உங்கட போட்டோ, பொன்னாடையோட. எல்லாப் பக்கத்திலயும் இரிக்கி. தலைவர்ட கருவியில சாம்பலா வந்து எழுத்த மறைக்கி.”

“அது கிடக்கட்டும்.”

“முகம் வேணுமா, கவிதை வேணுமா?”

பளீல் யோசிக்க வேண்டியிருந்தது. “சுஹறாட புத்தகத்தில போட்டோ இரிக்கா?”

“இல்ல.”

“அப்ப எடு.”

“மறுகா இந்த வாழ்த்துரையெல்லாம்? தவிசாளர், அதிபர், உங்கட சம்பந்தி... இதுகள வெட்டினா புத்தகம் மெலிஞ்சிரும்.”

“சுஹறாக்கு ஆராச்சும் வாழ்த்தினயா?”

“ஒருத்தரும் இல்ல.”

“எல்லாத்தையும் வெட்டு!”

வெட்ட வெட்டக் கவிதை நிமிர்ந்தது. வரிக்கு ஒரு சொல், சில வரிகளில் வெறும் புள்ளிகள். அவைகூட இப்போது தெளிவாகத் தெரிந்தன.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்த கையோடு பளீல் நஸீரின் வீட்டுக்குப் போய், வெட்டிய கோப்பை அவருடைய கருவியில் ஏற்றிக் கொடுத்தார். கூட்டம் பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு.

“மாஷா அல்லாஹ், இப்பதான் கவிதையே தெரியுது,” என்று நஸீர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். “சுஹறாடது இன்னும் பாதிதான் போயிரிக்கி. இண்டைக்கு உங்கடதயே பேசலாம்.”

உள்ளேயிருந்து இரண்டு பிளேன்டி வந்தது. நஸீர் முழுப் புத்தகத்தையும் வாசித்து முடித்தபோது தேநீர் இன்னும் சூடாகவே இருந்தது.