ஜாக்கியில் கால் சுற்று

தெருக்கோடியிலிருக்கும் சரிவான மனையில் சடன்பிரேக் சக்கரம் வைத்த தன் டிரெய்லர் வீட்டைக் கொண்டுவந்து நிறுத்தியதுமே தெருவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. சடன்பிரேக் என்பது, முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவருக்குப் பயணிகள் வைத்த பெயர். அவர் மனைவி தையல்காரம்மா கோபித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய் மூன்று வருஷமாகிறது. இன்று மூன்று மணிக்கு வருகிறாள், வண்டிக்குள் கிடக்கும் தையல் மிஷினை எடுத்துப்போக. மிஷின் எடுக்க வருகிறவளுக்காக எந்த மனுஷனாவது ஒரே காலையில் இரண்டு தடவை சவரம் செய்துகொள்வானா?

அவள் போனதற்கு ஊரில் பத்து காரணம் உலவியது. உண்மைக் காரணம் சின்னது. அவர் எங்கே நிறுத்தினாலும் அந்த வண்டி மூக்கைத் தாழ்த்திக்கொண்டேதான் நிற்கும். படுத்தால் தலைக்கு ரத்தம் ஏறுகிறது என்பாள். தைக்க உட்கார்ந்தால் நூல்கண்டு ஓடிப்போகிறது என்பாள். "வண்டி நேராத்தான் நிக்குது. உன் தலைதான் சாஞ்சிருக்கு" என்றார் ஒருநாள். அதையும் அவள் அக்காவை வைத்துக்கொண்டு சொன்னார். பெட்டி கட்ட அவளுக்கு அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

அதனால் இந்தத் தடவை எல்லாம் முறைப்படி நடந்தது. வாடகை ஜீப்பால் இழுத்து, பள்ளத்துப் பக்கச் சக்கரங்களைப் பலகைமேல் ஏற்றினார். ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் முட்டுக்கட்டை அடித்து இறுக்கினார். அதற்கப்புறம்தான் ஜீப்பின் கொக்கியைக் கழற்றினார். பக்கத்து வீட்டுத் தச்சரிடம் மட்டம் பார்க்கிற ரசமட்டம் இரவல் வாங்கி வண்டிக்குள்ளிருந்த மேஜைமேல் வைத்து, மூக்கை ஏற்றி இறக்கும் ஜாக்கியைத் திருப்பித் திருப்பி, ரசமட்டக் குமிழியை நடுவில் உட்காரவைத்தார். வண்டி ஆடாமலிருக்க அதன் நான்கு மூலைக்கால்களையும் தரையில் ஊன்றினார்.

"தரையில வச்சுப் பாருங்கண்ணே, மேஜையில பாக்காதீங்க" என்று தச்சர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தார்.

"குனிஞ்சா முழங்கால் கத்துதுய்யா. மேஜை தரையிலதானே நிக்குது?"

சொன்ன நேரத்துக்கு அவள் வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள், கண்ணாடி புதிது. நல்லா இருக்கியா என்று கேட்க மூன்று வருஷமாக ஒத்திகை பார்த்த வாய், "படி வழுக்கும், பாத்து" என்றது.

உள்ளே ஏறியவள் நின்றாள். கால் மாற்றி நின்றாள்.

"என்னங்க, முன்பக்கம் இறங்கியிருக்கே."

"ரசமட்டமே சொல்லுது. மேஜையைப் பாரு."

அவள் மேஜையைப் பார்த்தாள், குனிந்து அதன் கால்களைப் பார்த்தாள், அப்புறம் சிரித்தாள். அவள் சிரித்து அவர் கேட்டே வெகுகாலம்.

"பழைய இடத்துல என் வாயை அடைக்க இதோட பின்கால் ரெண்டையும் ரம்பத்தால வெட்டுனீங்களே, மறந்துபோச்சா? கோணல் வண்டியில நேரா நிக்கப் பண்ணின மேஜை இது!"

சடன்பிரேக்குக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் தச்சர் வேண்டுமென்றே இருமினார்.

"மிஷினை ஏத்த வேன் நாலு மணிக்குத்தான் வரும்" என்றபடி அவள் ரசமட்டத்தைத் தரையில் வைத்து, பக்கத்தில் சம்மணமிட்டாள். "முதல்ல மூலைக்காலைத் தூக்குங்க. அதை ஊனி வச்சுக்கிட்டு ஜாக்கியைத் திருப்பினா கால் வளைஞ்சிரும்."

வெளியே இறங்கி நான்கையும் தூக்கிவிட்டு, ஜாக்கியின் கைப்பிடியைப் பிடித்தார். ஜன்னல் வழியே அவள் குரல் வந்தது.

"ஏத்துங்க... இன்னும்... இன்னும் கொஞ்சம்... நிறுத்துங்க! தாண்டிருச்சு."

இறக்கினார்.

"ஐயோ, ரொம்ப இறக்கிட்டீங்க."

ஏற்றினார். மறுபடி தாண்டியது. அந்தக் குரல் அவரை ஏத்துங்க, இறக்குங்க என்று ஏவிக்கொண்டே இருந்தது. அவருக்கு வியர்த்துக் கொட்டியது, ஆனால் முகம் மட்டும் கல்யாண வீட்டில் நிற்கிற மாதிரி இருந்தது. ஆறாவது தடவை குரலுக்குப் பதில் அவள் தலை ஜன்னலில் தெரிந்தது.

"பஸ்ஸை ஸ்டாப்புல ஒரு சாண் பிசகாம நிறுத்தின கைதானே இது?"

அவர் கைப்பிடியைத் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

"மட்டமாயிட்டா நீ கிளம்பிருவே" என்றார்.

அவள் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் துடைத்து மாட்டிக்கொண்டாள்.

"அதுக்காக என்னைக் கோணல்லயே உக்கார வைப்பீங்களா?"

அவர் மறுபடி கைப்பிடியைப் பிடித்தார். கால் சுற்று திருப்பினார். ஒரே ஒரு கால் சுற்று.

ரசமட்டத்தைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்துவிட்டு, "சரியா இருக்கு" என்றாள். வேன் தெருமுனையில் திரும்புகிற சத்தம் கேட்டது.

மூலைக்கால்களை ஊன்றிவிட்டு, ஆளுக்கொரு பக்கம் மிஷினைப் பிடித்து இறக்கினார்கள். அதன் கனத்துக்கு இரண்டு பேரும் பேச முடியாமல் போனது வசதியாகவே இருந்தது. வேனில் ஏறி உட்கார்ந்தவள் சக்கரத்தடியைக் காட்டினாள்.

"புது மண்ணு. பலகை அமுங்கும். ஒரு வாரம் கழிச்சு மறுபடி மட்டம் பாக்கணும்."

"என்னால குனிய முடியாதே. தரையில வச்சுத்தானே பாக்கணும்?"

வேன்காரர் கியர் போட்டார். அவள் புடவைத் தலைப்பைக் கதவில் மாட்டிக்கொள்ளாமல் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"அமுங்கினாச் சொல்லி அனுப்புங்க. பாக்கலாம்" என்றாள்.

புழுதி அடங்கும்வரை அவர் அங்கேயே நின்றார். அப்புறம் குழாயடிக்குப் போய் ஒரு வாளி தண்ணீர் பிடித்துவந்து, பலகையைச் சுற்றியிருந்த புது மண்ணில் பார்த்துப் பார்த்து ஊற்றினார்.

"என்னண்ணே, செடி ஏதும் வச்சிருக்கீங்களா?" என்றார் தச்சர்.

"உன் ஜோலியைப் பாருய்யா" என்றவர், இரண்டாவது வாளிக்குக் குழாயடிக்கு நடந்தார்.