வெறும் வயிற்றில் ஒரு ரொட்டித் துண்டு

நோயாளிகளைத் திட்டக் கூடாது என்பது எங்கள் ஆஸ்பத்திரி விதி. இருபத்தாறு வருஷமாக ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருக்கிறேன். அந்த விதியை நான் பெரிதாக மதித்ததில்லை. ஆனாலும் பாந்தெலிமோன் அண்ணனைத் திட்டிய மாதிரி வேறு யாரையும் திட்டியதில்லை.

அவர் எங்கள் யாஷ் நகரத்து டிராம் டிரைவர். உணவுக்குழாயில் புற்றுநோய். கீமோவும் கதிர்வீச்சும் கொடுத்துக் கட்டியைச் சுருக்கி வைத்திருந்தோம். இனி வெட்டி எடுத்தால்தான் உயிர். நெஞ்சைத் திறந்து செய்யலாமென்றால், நாற்பது வருஷம் புகைபிடித்த நுரையீரல் அதைத் தாங்காது. ரோபோவை வைத்துச் சின்னச் சின்னத் துளை வழியாகச் செய்வது ஒன்றுதான் வழி. உணவுக்குழாய்க்கு அதைச் செய்வது எங்களுக்கு முதல் தடவை. அதனால் அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும். ஹாலந்திலிருந்து ஒரு டாக்டர் வந்திருந்தார். ஆபரேஷனுக்கு மறுநாள் காலை அவருக்கு விமானம். அன்றைக்கு விட்டால் அடுத்த தேதி மூன்று மாதம் கழித்து. அண்ணனுக்கோ அத்தனை நாள் இல்லை.

காலை ஏழு மணிக்கு அவரைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். கையில் ஒரு குவளையை வைத்துக்கொண்டு துப்பிக்கொண்டே இருந்தார்.

"என்னண்ணே, எச்சில் இறங்கலையா?"

"கொஞ்சம் அடைக்குது சிஸ்டர். பயத்துலயா இருக்கும்."

"நேத்து தண்ணி இறங்குச்சே! காலைல ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"சத்தியமா இல்ல. வெறும் வயிறு."

பக்கத்தில் அவர் மனைவி கிளிகேரியா அக்கா மூன்று முறை சிலுவை போட்டுக்கொண்டார். எனக்குச் சுருக்கென்றது. நானும் இந்த ஊரில் பிறந்தவள்தானே!

"அக்கா, அனாஃபுரா குடுத்தீங்களா?"

"குடுத்தேன். பின்னே? ஆபரேஷனுக்குப் போற மனுஷனுக்குக் குடுக்காம அனுப்புவாங்களா?"

"எதையும் வாயில வைக்கக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னோமே!"

"வெறும் வயிறா இருக்கணும்னு சொன்னீங்க. அனாஃபுராவை வெறும் வயித்துலதான் எடுக்கணும். அது சாப்பாடா என்ன?"

கோயிலில் மந்திரித்துக் கொடுக்கும் ரொட்டி அது. காயவைத்து வீட்டில் வைத்திருப்போம். விடிந்ததும் முதலில் வாயில் போடுவது அதுதான். நானும் போடுகிறவள். ஆனால் தண்ணீரே சொட்டுச் சொட்டாக இறங்குகிற குழாயில், கல்லாகக் காய்ந்த ரொட்டியா? வராந்தாவே அதிரக் கத்தினேன். "ரெண்டு பேருக்கும் மூளைன்னு ஒண்ணு இருக்கா? உயிரைக் காப்பாத்த நாங்க அல்லாடுறோம், நீங்களே கொண்டுபோய்க் குழியில தள்றீங்களே!" அக்கா விக்கி விக்கி அழுதார். எனக்கு இரக்கமே வரவில்லை.

மயக்க மருந்து டாக்டர் ஹரலாம்பியே கையை விரித்துவிட்டார். "மயக்கம் குடுத்தா அந்த ரொட்டி நுரையீரலுக்குள்ள போகும். ஆளு போயிடுவாரு. நான் மாட்டேன்பா." அவர் சொன்னது நியாயம், அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. ஹாலந்துக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார்.

எங்கள் சர்ஜன் ஓல்தேயா அம்மா மட்டும் சத்தமே போடவில்லை. 'வீடியோ கேம் டாக்டர்' என்று கூட இருப்பவர்களே கிண்டலடிக்க, இரண்டு வருஷம் அந்த இயந்திரத்தில் பழகியவர்.

"முழிச்சிருக்கும்போதே எடுத்துடுறேன். அப்புறம் மயக்கம் குடுப்பீங்களா?"

"ஒரு துணுக்கு மிச்சமிருந்தாலும் மாட்டேன்."

ஓல்தேயா அம்மா அண்ணனின் தொண்டையை மரத்துப்போக வைத்து, கேமராக் குழாயை உள்ளே விட்டார். இருபத்தைந்து நிமிஷம். அண்ணன் என் கையை நொறுங்கப் பிடித்தாரே தவிர, ஒரு முறைகூட அசையவில்லை. துணுக்குத் துணுக்காக எல்லாம் வெளியே வந்தது. அதைக் குப்பையில் போட யாருக்கும் கை வரவில்லை. கோயில் பக்கமே போகாத ஹரலாம்பியேகூட, "தொட்டியில போட்டுடாதம்மா, பாவம்" என்றார். துணியில் சுற்றி அக்காவிடம் கொடுத்தேன். என்னவென்று ஹாலந்துக்காரர் கேட்டார். "நாட்டு மருந்து" என்றேன்.

பத்தரைக்குத் தொடங்கினோம். ஓல்தேயா அம்மா பத்தடி தள்ளி உட்கார்ந்து, ரோபோவை இயக்கும் பெட்டிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அவர் விரல் அசைந்தால் அண்ணனின் நெஞ்சுக்குள் இயந்திரத்தின் விரல் அசையும். உடம்புப் பக்கத்தில் நான் நின்றேன். மூன்று மணி நேரம் எல்லாம் சுமுகமாகப் போயிற்று. பிறகு கட்டி இருந்த இடம் வந்தது. கதிர்வீச்சில் உணவுக்குழாய் மூச்சுக்குழாயோடு ஒட்டிப் போயிருந்தது. கிழிந்தால் அங்கேயே முடிந்தது கதை.

ஹாலந்துக்காரர் திரைக்கு அருகில் வந்தார். "இந்த இடத்தைக் கொஞ்சம் விட்டுடலாம். யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

"விட்டா திரும்ப வளருமே டாக்டர். இந்தாங்க, ரெண்டுக்கும் நடுவுல கோடு தெரியுது, பாருங்க. சிஸ்டர், ரத்தத்தை உறிஞ்சுங்க."

எனக்கு ஒரு கோடும் தெரியவில்லை. ஓல்தேயா அம்மாவுக்குத் தெரிந்தது. நாற்பது நிமிஷம், நூல் நூலாகப் பிரித்தார். ஹரலாம்பியே மூச்சு அளவைப் பார்த்தபடி வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். கேட்டால் ஜெபமில்லை என்று சாதிப்பார். திடீரென்று கட்டி தனியாக விலகி வந்தது. மூச்சுக்குழாய் ஒரு கீறல்கூட இல்லாமல் வெள்ளையாகத் தெரிந்தது. ஹாலந்துக்காரர் கை தட்டினார். அடடா, அந்தச் சத்தம் இருக்கிறதே! பிறகு இரைப்பையைக் குழாயாக்கி மேலே இழுத்துத் தைத்தது, எல்லாம் ஒரே ஓட்டம்.

பத்தாம் நாள், தையலில் கசிவு இல்லை என்று உறுதியானது. சோதனை முடிவை ஓல்தேயா அம்மாவே கொண்டுவந்து கட்டிலருகே நின்று வாசித்தார்.

"வெட்டின ஓரத்துல எங்கேயும் புற்றுநோய் இல்ல. முப்பத்திரண்டு நெறிக்கட்டி எடுத்தோம். ஒண்ணுலகூட இல்ல. எல்லாம் சுத்தம்."

அக்கா ஒரு கரண்டி கோழிச் சாறு ஊட்டினார். நாங்கள் எல்லோரும் அண்ணனின் தொண்டையையே பார்த்தோம். விழுங்கினார். விழுங்கிவிட்டு, எப்போதும் அடைக்கிற இடத்தில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார். அடைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்தார்.

"எறங்கிடுச்சுடி," என்றார் மெதுவாக. "கிளிகேரியா, எறங்கிடுச்சு!"

அக்கா கரண்டியைப் போட்டுவிட்டு ஓவென்று அழுதார். நானும்தான் அழுதேன், எனக்கென்ன வெட்கம்? அண்ணன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அழுகையெல்லாம் அப்புறம் வச்சுக்கலாம். சூடு ஆறுறதுக்குள்ள இன்னொரு கரண்டி குடுங்க."